ஆறாவது பாட்டு

ப்ரோக்ரசிவ் ராக் கேட்கிறவர்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு: பட்டியல் போடுவது. தலைசிறந்த நூறு, கேட்டே ஆகவேண்டிய ஐம்பது, கவனிக்காமல் விட்ட இருபத்தைந்து. எனக்கும் இருந்தது, இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டல் லேனில் யாரோ ஒரு சீனியர் பகிர்ந்து வைத்துவிட்டுப் போன போல்டர் ஒன்று இருந்தது. பிங்க் ஃப்ளாய்ட், யெஸ், கிங் க்ரிம்சன், ஜெத்ரோ டல், அப்புறம் டிரீம் தியேட்டர். நாங்கள் அவற்றைக் கேட்டோம் என்பதைவிட எண்ணினோம் என்று சொல்வதுதான் சரி. இங்கே ஏழா, பதினொன்றா, எங்கே திரும்ப ஒன்று விழுகிறது என்று விரலை மடக்கி மடக்கிப் பார்ப்போம். கணக்கு வரும் பையன்களுக்கு இசைக்குள்ளும் ஒரு கணக்கு கிடைத்த சந்தோஷம். பாட்டு எதைப் பற்றி என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

அந்த போல்டரில் எல்லாமே ஆங்கிலம். அது அப்போது உறுத்தவே இல்லை. உறுத்தியது ரொம்ப வருஷம் கழித்து, ஒரு வீடியோவைப் பார்த்தபோது. மாச்சு பிக்ச்சுவின் இடிபாடுகளுக்கு நடுவே நீளமுடிக்காரர்கள் ஐந்து பேர். பின்னால் மேகம் மூடிய மலை. டிரம்ஸ், மின்கித்தார், கீபோர்டு எல்லாவற்றையும் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். ஒருத்தர் கித்தாரை விட்டுவிட்டு மூங்கில் குழலை எடுக்கிறார். 'பாம்பேயில் பிங்க் ஃப்ளாய்ட்' படத்தின் லத்தீன் அமெரிக்கப் பிரதி போல இருக்கே என்றுதான் முதலில் நினைத்தேன். எவ்வளவு தப்பு என்பது அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிட்டது.

அந்தக் குழுவின் பெயர் லோஸ் ஹாய்வாஸ். சிலி நாட்டுக்காரர்கள். ஆல்பம் 'ஆல்துராஸ் தெ மாச்சு பிக்ச்சு', 1981. ஏழு டிராக், சுமார் 37 நிமிடம். பாடல் வரிகள் எல்லாமே பாப்லோ நெரூடாவின் அதே தலைப்புள்ள நெடுங்கவிதையிலிருந்து எடுத்தவை.

இதைக் 'கவனிக்கப்படாத ஆல்பம்' என்று சொன்னால் ஒரு சிலிக்காரர் சிரிப்பார். அங்கே இது வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம், அப்பா பாடி மகளும் பாடுகிற வகை. கவனிக்காதது நாம்தான், சரியாகச் சொன்னால், நமக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர்கள். அதற்குக் காரணமும் உண்டு. 1981இல் ஆங்கில ப்ரோக் ராக்கின் கடை ஏறக்குறைய மூடியாயிற்று. பங்க் வந்து ஐந்து வருஷம். அந்த வருஷம் யெஸ் கலைந்தது, ஜெனசிஸ் 'அபகாப்' போட்டு வேறு பக்கம் போய்விட்டது, கிங் க்ரிம்சன் 'டிசிப்ளின்' மூலம் பழைய உடம்பைக் கழற்றிவிட்டு வந்தது. கட்சி கலைந்தபின் வந்து சேர்ந்த விருந்தாளி மாதிரி இந்த ஆல்பம், அதுவும் ஸ்பானிஷில். ரெக்கார்டு கடையில் எந்த அடுக்கில் வைப்பது? 'வேர்ல்ட் மியூசிக்' என்ற பெயரையே லண்டனில் 1987இல்தான் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். ராக் அடுக்கில் வைத்தால் குழல் அதிகம், நாட்டார் இசை அடுக்கில் வைத்தால் சிந்தசைசர் அதிகம்.

பல பாணிகளைக் கலந்த ஆல்பம் என்று இதைப் பற்றி எங்கே படித்தாலும் இருக்கும். அது உண்மைதான். ஆனால் 'கலப்பு' என்ற சொல்லை நான் சந்தேகப்படுகிறேன். ஒரு பக்கம் ராக், ஒரு பக்கம் நாட்டார் இசை, நடுவில் ஒரு ஆள் கரண்டியோடு நிற்பது போன்ற ஒரு படத்தைத் தருகிறது அந்தச் சொல். இவர்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 1963இல் வின்யா தெல் மார் என்ற கடற்கரை ஊரில் பள்ளிப் பையன்களாக இவர்கள் தொடங்கியது ஒரு பார்ட்டி பேண்டு. பெயர் 'தி ஹை பாஸ்'. ஆங்கிலம் போலத் தோன்றும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஸ்பானிஷில் நண்டைக் குறிக்கும் 'ஹாய்பா' வந்துவிடும். பள்ளிக்கூடக் கடிதான். பொலேரோ, சா சா சா, கும்பியா, பொஸ்ஸா நோவா எனக் கல்யாணத்திலும் விருந்திலும் ஆட என்ன வேண்டுமோ அதை வாசித்தார்கள். எடுவார்டோ, கிளாவ்தியோ, காப்ரியேல் என்று மூன்று பேர் பார்ரா சகோதரர்கள். கூட மாரியோ மூத்திஸ், எடுவார்டோ அல்கின்டா. அல்கின்டாவை எல்லோரும் 'காத்தோ' என்றே கூப்பிட்டார்கள், பூனை என்று அர்த்தம். அறுபதுகளின் கடைசியில் இவர்களுக்கு இந்த வாழ்க்கை சலித்துப்போனது. கற்றதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, முன்திட்டமே இல்லாமல் மேடையில் மணிக்கணக்கில் இட்டுக்கட்டி வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கட்டத்தில்தான் கையில் கிடைத்த எல்லாக் கருவியும் உள்ளே வந்தது. ஆகவே இவர்களின் இசையில் நாட்டார் தாளம் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய அலங்காரமில்லை. கால் ஆடுவதற்கு வாசித்தவர்களின் கைப்பழக்கம் அது.

11 செப்டம்பர் 1973. பினோசெத்தின் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறது. விக்தோர் ஹாரா கொல்லப்படுகிறார். அதே மாதம் 23ஆம் தேதி நெரூடா இறந்துபோகிறார். கேனா, சரங்கோ போன்ற மலைநாட்டுக் கருவிகளுக்குப் பழைய ஆட்சியின் வாடை ஒட்டியிருந்ததால் அவற்றைப் பொதுவில் வாசிப்பதே ஆபத்தான காரியமானது. 'பாரோக்கோ ஆந்தினோ' என்ற குழு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: அதே கருவிகளில் பாக்கை வாசித்தார்கள், அதையும் தேவாலயங்களில். ஐரோப்பியச் செவ்வியல் இசையை யார் தடுப்பது! லோஸ் ஹாய்வாஸ் அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். அங்கேயும் 1976இல் ராணுவ ஆட்சி. குடும்பம் குழந்தைகளோடு மொத்தமாகப் பிரான்ஸுக்குக் கிளம்பி, பாரிஸை ஒட்டிய ஷாத்னே மலாப்ரியில் ஒரே வீட்டில் கூட்டுக்குடும்பம் போல வாழ்ந்தார்கள். ஆல்பத்தின் இசை பிறந்தது அங்கேதான், மாச்சு பிக்ச்சுவிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று: பாரிஸில் ஆண்டிஸ் இசை அப்போது புதுசே இல்லை. 'லோஸ் இன்காஸ்' குழு ஐம்பதுகளிலேயே அங்கே தொடங்கியது. சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'எல் கோந்தோர் பாசா'வுக்குப் பின்னணியில் கேட்பது அவர்கள் வாசிப்புதான். கேனா ஊதினால் பனிமலை, கழுகு, ஏக்கம் என்று ஆகிவிட்டிருந்தது. இன்றைக்கும் ஐரோப்பிய ரயில் நிலையங்களுக்கு வெளியே இதைக் கேட்கலாம். அதாவது அந்தக் கருவி சொந்த நாட்டில் சந்தேகத்துக்குரியது, அகதியாக வந்த நாட்டில் சுற்றுலாப் பொருள். இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு குழலை எப்படி நேர்மையாக ஊதுவது என்பதுதான் இந்த ஆல்பத்தின் முன்னிருந்த உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன்.

முதல் டிராக் 'தெல் ஐரே அல் ஐரே' அதை நேராக எடுத்துக்கொள்கிறது. காற்று, அப்புறம் ஊதுகருவிகள். மெட்டு என்று கையில் பிடிக்க எதுவும் வருவதற்கு முன்பு மூச்சு மட்டும். இதில் த்ருத்ருகா என்ற நீளமான மூங்கில் கொம்பு கேட்கும். முனையில் மாட்டுக்கொம்பைச் செருகியிருப்பார்கள், விரல் வைக்கத் துளையே கிடையாது. உதட்டாலும் மூச்சாலும் கிடைக்கிற சுரங்கள் மட்டும்தான். நம்மூர்க் கொம்பு மாதிரி ஒரு கரகரப்பு. ஆனால் த்ருத்ருகா மபுச்சேக்களின் கருவி. மபுச்சே மக்கள் தெற்கே இருந்தவர்கள், இன்காப் படைகளைத் தங்கள் மண்ணுக்குள் விடாமல் நிறுத்தியவர்கள். அவர்களின் கொம்பை இன்காக்களின் நகரத்துக்குக் கொண்டுபோய் ஊதுவது சரித்திரப்படி பார்த்தால் அபத்தம். எனக்கு இது முதலில் ஒரு குறையாகப் பட்டது. 'பூர்வகுடி ஒலி' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதானே பட்டணத்துப் பையன்கள் செய்வது? இப்போதும் அந்த எண்ணம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் 'அசல்' எதையாவது மீட்டுத் தருகிறோம் என்று இவர்கள் எங்கேயும் சொல்லவில்லை, மினிமூக் சிந்தசைசரை மறைத்துவைக்கவும் இல்லை. சரங்கோவே ஸ்பானியர்கள் கொண்டுவந்த தந்திக்கருவியிலிருந்து பிறந்ததுதான், பழைய வகைகளில் ஆர்மடில்லோ ஓட்டில் செய்திருப்பார்கள். படையெடுத்து வந்தவனின் வாத்தியத்துக்கு உள்ளூர் மிருகத்தின் உடம்பு.

சம்போன்யாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ப்ரோக் ராக் மேலிருந்த பழைய மோகத்தைக் கலைத்தது அதுதான். நாணல் குழாய்களை வரிசையாகக் கட்டிய கருவி. அய்மாரா மொழியில் சீக்கு. இதன் மரபான வடிவத்தில் ஒரு மெட்டுக்குத் தேவையான சுரங்கள் எல்லாமே ஒரே ஆளிடம் இருக்காது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து ரெண்டு கருவியில் வைத்திருப்பார்கள். ஒன்றின் பெயர் இரா, இன்னொன்று ஆர்கா. ஒருத்தர் ஒரு சுரம் ஊதினால் அடுத்த சுரம் எதிரில் நிற்பவரிடமிருந்து வரவேண்டும். ஒரு ஃபைலைப் பாதிப்பாதியாக ரெண்டு சர்வரில் வைத்த மாதிரி. ஒன்று படுத்தால் மெட்டே இல்லை. எங்கள் ஹாஸ்டல் போல்டரில் நாங்கள் கொண்டாடியது இதற்கு நேர்எதிரான ஒன்றை. எல்லாச் சுரமும் ஒரே ஆளின் விரலில், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. லோஸ் ஹாய்வாஸிலும் தனி ஆவர்த்தனங்கள் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. ஆனால் ஆல்பம் முழுக்க ஒரு கருவி தொடங்கியதை இன்னொன்று முடித்துவைக்கும் பழக்கம் ஓடுகிறது. பியானோ விட்ட இடத்தில் கேனா, கேனா மூச்சு வாங்கும் இடத்தில் மினிமூக், அதைக் கித்தார் வாங்கிக்கொள்வது.

இதன் உச்சம் ரெண்டாவது டிராக், 'லா பொதெரோசா முவெர்த்தே', வலிமைமிக்க மரணம். 11 நிமிடம். யாருக்காவது இந்த ஆல்பத்தை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் இதைத்தான் அனுப்புகிறேன். மெதுவாகத் தொடங்கி, அல்கின்டாவின் குரல் வந்து, பிறகு படிப்படியாக ஏறுகிறது. ஏறுவது என்பது இங்கே உவமை இல்லை. நெரூடாவின் கவிதை பன்னிரண்டு பகுதி. முதல் ஐந்தில் மாச்சு பிக்ச்சுவே கிடையாது. நகரத்தில் அர்த்தமில்லாமல் அலையும் ஒரு ஆள், தினம்தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற மனிதர்கள். ஆறாவதில்தான் மேலே ஏறுகிறார். பாட்டு நாலாவது பகுதியிலிருந்து எடுத்த மரணத்தில் தொடங்கி அந்த ஏற்றத்தில் வந்து சேர்கிறது. நடுவில் சொற்களே இல்லாத நீண்ட இசைப்பகுதிகள். காப்ரியேல் பார்ராவின் டிரம்ஸ் அங்கே செய்வதை நான் எண்ணிப் பார்க்க முயன்றேன், பழக்கதோஷம். மூன்றும் ஆறும் மாறிமாறி வரும் தாளத்தில் எங்கே ஒன்று விழுகிறது என்பதை அவர் தள்ளிக்கொண்டே போகிறார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டேன். மலை ஏறும்போது படியை எண்ணுகிறவனுக்குத்தான் சீக்கிரம் மூச்சு வாங்கும்.

மூன்றாவது, 'அமோர் அமெரிக்கானோ', திருவிழா நடை. இனிமையானது, அதற்குமேல் சொல்ல எனக்கு எதுவுமில்லை. நாலாவது 'ஆகிலா சிதெரால்' கவிதையின் ஒன்பதாம் பகுதி. அந்த நகரத்தை விதவிதமான பெயர் சொல்லிக் கூப்பிடும் அர்ச்சனை மாதிரியான பகுதி அது. வினைச்சொல்லே இல்லாமல் பெயர்களாக அடுக்கப்பட்டதற்கு மெட்டுப் போடுவது லேசான வேலையில்லை. நிதானமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் என் காதுக்கு ஆல்பம் தொய்கிற இடமும் இதுதான்.

இந்த இடத்தில் ஆல்பத்தை நிறுத்திவிட்டு வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியே போவது போலத் தோன்றும், போகவில்லை.

நெரூடா தமிழுக்குப் புதியவரில்லை. சிற்றிதழ்க் காலத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறோம். காதல் கவிதைகளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம். அவர் 1929இல் கொழும்பில் சிலியின் தூதரக அதிகாரியாக இருந்தார். வெள்ளவத்தையில் கடலோரத்தில் ஒரு பங்களா. அவர் இறந்தபின் 1974இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் அந்த வீட்டுக் கழிவறையைப் பற்றி எழுதுகிறார். தினமும் காலையில் வாளி எப்படிச் சுத்தமாகிறது என்று யோசித்திருக்கிறார். ஒருநாள் பார்த்தால், பின்பக்கமாக வந்து அதை எடுத்துப்போகும் ஒரு இளம்பெண். தமிழ்ப்பெண், சாதியடுக்கில் கடைசியில் வைக்கப்பட்டவள் என்று அவரே அடையாளம் சொல்கிறார். கூப்பிட்டுப் பார்க்கிறார், அவள் திரும்பவில்லை. போகிற வழியில் பட்டும் பழமும் வைத்துப் பார்க்கிறார், அவள் எடுக்கவில்லை. ஒரு காலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போகிறார். அவர்களுக்குள் பொதுமொழி எதுவும் இல்லை. அவள் கடைசிவரை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், எந்த அசைவும் இல்லை. அவளுடைய உடம்பைத் தென்னிந்தியாவின் ஆயிரமாண்டுச் சிற்பங்களோடு ஒப்பிட்டு எழுதுகிறார். ஒரு சிலையோடு இருந்தது போல என்கிறார். அவள் தன்னை வெறுத்தது சரிதான் என்றும் எழுதுகிறார். அதற்குப் பெயர் வல்லுறவு. அந்தப் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. அவள் பெயரையும்.

இது ரகசியமில்லை, அவரே அச்சில் கொடுத்துவிட்டுப் போனது. ஆனாலும் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடா பெயர் வைக்கும் யோசனை வந்தபோது சிலியின் பெண்ணியவாதிகள் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்து முன்னால் வைத்தார்கள். 2021இல் இலங்கை இயக்குநர் அசோக ஹந்தகம இதை வைத்து 'அல்பொராதா' என்று படம் எடுத்தார். தமிழில் நாம் நெரூடாவைக் கொண்டாடிய அளவுக்கு அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? அவள் நம் பாஷை பேசியவள். அன்றைக்குக் காலையில் அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அது அவருக்குப் புரிந்திருக்காது, நமக்குப் புரிந்திருக்கும்.

இனி அந்தக் கவிதைக்குத் திரும்பிப் பாருங்கள். கொழும்பிலிருந்து கிளம்பிப் பல வருஷம் கழித்து, 1943இல் நெரூடா மாச்சு பிக்ச்சு போகிறார். 1945இல் எழுதுகிறார். பிறகு 'கான்தோ ஹெனெரால்' பெருநூலில் அது ஒரு அதிகாரமாகிறது. கவிதையின் மையமே இதுதான்: இந்தக் கல்லை அடுக்கியவன் எங்கே? ராஜாக்களின் பெருமையைப் பாடாமல், கல் சுமந்து பசித்துக் கிடந்தவனைக் கவிஞர் தேடுகிறார். கடைசிப் பகுதியில் உழுகிறவன், நெய்கிறவன், மேய்க்கிறவன், கொத்தன், குயவன் என்று ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, செத்துப்போன அவர்கள் வாய்க்குப் பதிலாகத் தான் பேசுவதாகச் சொல்கிறார். கல்லுக்குள் மனிதனைத் தேடுகிற கவிதை. அதை எழுதியவர் உயிருள்ள ஒரு மனுஷியைக் கல் என்று பார்த்தவர், உரைநடையில் அதை ரசனையோடு எழுதியும் வைத்தவர். ராமன் காலடி பட்டு எழுந்த அகலிகையை மறுபடியும் கல்லாக்கிய புதுமைப்பித்தனுக்கு இந்த ரெண்டு பக்கத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். 'சாப விமோசன'த்தில் அவள் கல்லாவது அவளே எடுத்த முடிவு. வெள்ளவத்தையிலும் அப்படியிருக்கலாம்: அசையாமல் கிடந்ததுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே பதில்.

'படைப்பு வேறு படைப்பாளி வேறு' என்று ஒரு வரியில் இதை மூடிவிடலாம். நண்பர் ஒருத்தர் அதைத்தான் சொன்னார். 'ஏன்டா, மியூசிக் போட்டவனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. 1981இல் லோஸ் ஹாய்வாஸுக்கு நெரூடா என்பவர் ராணுவம் வீட்டைச் சூறையாடிய, சவ ஊர்வலமே எதிர்ப்பாக மாறிய கவிஞர். அவரது வரிகளை அன்றைக்குப் பாடுவதற்கே ஒரு தைரியம் வேண்டும். படத்தின் கதையும் விசித்திரமானது. சிலி, பெரு என்று இரண்டு நாட்டுத் தொலைக்காட்சிகள் சேர்ந்து எடுத்தவை அந்தக் காட்சிகள். சிலி ராணுவம் லிமாவுக்குள் புகுந்து ஆக்கிரமித்தது 1881இல். சரியாக நூறு வருஷம் கழித்துச் சிலிக்காரர்கள் பெருவின் மலைமேல் நின்று பாடுகிறார்கள், நிகழ்ச்சியை முன்வைத்துப் பேசுகிறவர் பெருவின் மரியோ வர்காஸ் யோசா. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வரிகள் வரிகள்தானே? பாடும்போது அவை யார் வாயில் இருக்கின்றன, யாரைக் கூப்பிடுகின்றன என்பதை இசை தீர்மானிக்கிறது. இசையை விமர்சிப்பது என்றால் அதைத்தான் பார்க்கவேண்டும்.

ஐந்தாவது டிராக், 'ஆன்தீகுவா அமெரிக்கா'. இதுதான் ஆல்பத்தின் சிறந்த பாட்டு என்று நான் சொல்வேன், இரண்டாவதைக் கொண்டாடுகிறவர்கள் மன்னிக்கவும். கவிதையின் பத்தாம் பகுதியிலிருந்து பிறந்தது. அந்தப் பகுதி முழுக்கக் கேள்விகள். இவ்வளவு அழகான நகரமே, உன் அடியில் எதைப் புதைத்து வைத்திருக்கிறாய், பசியையா என்று கேட்கிற இடம். நெரூடா தான் வியந்த பொருளையே சந்தேகப்படும் இடமும் இதுதான். லோஸ் ஹாய்வாஸ் இங்கே சொற்களை அவசரமாகக் கொண்டுவரவில்லை. பியானோவும் டிரம்ஸும் மோதுகின்றன, மின்கித்தார் கீறுகிறது, ஐந்து பேரும் ஆல்பத்திலேயே மிகக் கடுமையாக வாசிக்கிறார்கள். மற்ற பாட்டுகளில் இருக்கும் மலைக்காற்றின் அழகு இதில் இல்லை. கேள்வி கேட்கப்படுகிறது, பதில் வருவதில்லை. இசை அந்தப் பதிலைத் தானாக நிரப்பவும் முயலவில்லை. செத்தவர்கள் சார்பாக யாரும் பேசாத ஒரே பாட்டு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சத்தம் இருக்கிறது, அதற்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. வெள்ளவத்தைப் பக்கத்தைப் படித்தபிறகும் இந்தப் பாட்டு எனக்குக் கெடவில்லை. சொல்லப்போனால் இன்னும் பெரிதாகியிருக்கிறது. அடியில் என்ன வைத்திருக்கிறாய் என்ற கேள்வி அந்த நகரத்தைத் தாண்டி அந்தக் கவிஞரின் பங்களாவுக்கும் போகிறது. வாளி இருந்த பின்கட்டுக்கும்.

அப்புறம் ஆறாவது, 'சூபே ஆ நாசேர் கொன்மீகோ எர்மானோ'. சகோதரனை மேலேறி வரச் சொல்லும் பாட்டு. சிலியில் எல்லோருக்கும் தெரிந்தது. மரித்த தொழிலாளிகளைப் பெயர் சொல்லி எழுப்பும் கவிதையின் கடைசிப் பகுதிக்கு இவர்கள் போட்டது துள்ளலான ஆட்ட மெட்டு. ரொம்ப நாள் இதைத்தான் ஆல்பத்தின் தவறு என்று நினைத்தேன். சவக்குழியின் முன்னால் நின்று யாராவது ஆடுவார்களா என்று. நம்மூரில் பறையடித்து ஆடிக்கொண்டேதான் சவத்தைக் கொண்டுபோகிறோம் என்பது பிறகு உறைத்தது. செத்தவனை எழுப்ப வேண்டுமென்றால் தாலாட்டு பாடினால் ஆகாது, கால் நிற்காத மெட்டுத்தான் வேண்டும். பார்ட்டி பேண்டாகத் தொடங்கியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. தாளமே கையைப் பிடித்துத் தூக்குகிறது. எல்லோரும் சேர்ந்து பாடும்போது, கச்சேரி வீடியோக்களில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்போது, நாடுகடந்து அலைந்த ஒரு தலைமுறைக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று புரிகிறது.

ஆனால் அந்த அழைப்பு 'எர்மானோ'வுக்கு, சகோதரனுக்கு. பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு தொழிலும் ஆணின் தொழில். கழிவறை வாளியை எடுத்துப்போகும் தொழில் அதில் இல்லை. அப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாமல் எழுதிய கவிஞரென்றால் விட்டுவிடலாம். இவர் பார்த்தவர். அவளை மேலே வரச்சொல்லிக் கூப்பிட அவரிடம் சொல் இல்லை; கூப்பிட்டபோதும் அவள் திரும்பவில்லை. 'தென்னிந்தியச் சிற்பம்' என்று எழுதியவர் பேசுகிறார் என்ற நினைப்பு வந்த பிறகு, 'உங்கள் வாயாக நான் பேசுகிறேன்' என்ற தோரணையை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. இசையின் மேலேயே ஒரு கோபம் வருகிறது, இவ்வளவு நன்றாக இருப்பதற்கு. தாளம் நம்மை யோசிக்க விடாமல் சம்மதிக்க வைத்துவிடுகிறது. ஐந்தாவது பாட்டு கேட்ட கேள்வியை ஆறாவது பாட்டு ஆட்டத்தால் மூடிவிடுகிறது.

இந்தப் பாட்டைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. 1988இல் காப்ரியேல் பார்ரா பெருவில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் இடத்தில் டிரம்ஸில் வந்து உட்கார்ந்தவர் அவருடைய மகள் ஹுவானிதா பார்ரா. 2003இல் அல்கின்டாவும் போய்விட்டார். குழு நிற்கவில்லை. இப்போதைய கச்சேரிகளில் 'சகோதரா' என்ற அழைப்புக்கு அடியில் ஓடும் தாளம் ஒரு பெண்ணின் கையிலிருந்து வருகிறது. இதை வைத்து எதையாவது சமாதானம் செய்துகொள்ள முடியுமா என்று முயன்று பார்த்தேன். முடியவில்லை. ஆனாலும் அவர் வாசிப்பதைப் பார்க்கப் பிடிக்கிறது.

இப்போது இந்த ஆல்பத்தைப் போட்டால் ஐந்தாவது பாட்டோடு நிறுத்துவது என்று வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ராத்திரி, வேலை முடிந்து, ஹெட்போனில். 'ஆன்தீகுவா அமெரிக்கா' முடிந்ததும் போனை எடுத்து நிறுத்தவேண்டும். சில நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன், கையில் சோப்பு நுரை. துடைத்துவிட்டுப் போனை எடுப்பதற்குள் ஆறாவது ஆரம்பித்துவிடும். கீழே பார்த்தால் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.